ஓட்டுநர் சீட் காலியாக இருக்கும் காரிடம் யாரைப் பார்த்துக் கையைக் காட்டுவது?

கேள்வி: மகள் வீட்டுக்கு சான் பிரான்சிஸ்கோ வந்து இரண்டு மாதம் ஆகிறது. தினமும் காலையில் பேரனை ஸ்கூலில் விட, சிக்னல் இல்லாத ஒரு கிராசிங்கைத் தாண்ட வேண்டும். ஓட்டுநர் இல்லாத டாக்ஸி வந்து நின்றால், எனக்காக நிற்கிறதா, இப்போதே கிளம்பப் போகிறதா என்று தெரியாமல் நானும் நிற்கிறேன். நம் ஊரில் கையைக் காட்டினால் ஓட்டுபவர் தலையை ஆட்டுவார், போய்விடுவோம். இங்கே கூரை மேல் ஏதோ படம் தெரிகிறது. அதை நம்பி இறங்கலாமா?

பதில்: நீங்கள் பார்த்தது பெரும்பாலும் வேமோ என்ற டாக்ஸி நிறுவனத்தின் வெள்ளை ஜாகுவார் ஐ-பேஸ் காராக இருக்கும். கூரை மேல் இருக்கும் குமிழுக்குள் சுற்றிலும் லேசரால் அளந்து பார்க்கும் லைடார் இருக்கிறது, குமிழைச் சுற்றி எல்இடி திரை. டாக்ஸியை அழைத்தவர் தன் வண்டியைக் கண்டுபிடிக்க அவருடைய பெயரின் முதல் எழுத்துகள் அதில் வரும், அதை நீங்கள் கண்டுகொள்ள வேண்டாம். நடப்பவருக்கு வழிவிட்டு நிற்கும்போது வருவதுதான் உங்களுக்கான செய்தி: உங்களைப் பார்த்த பக்கத்தில் சாம்பலும் வெள்ளையுமாகப் பட்டைகள் நகரும், பின்பக்கம் மஞ்சளில் நடந்து போகும் ஆளின் உருவம் தெரியும்.

இரண்டில் எனக்குப் பெரிதாகப் படுவது அந்தப் பின்பக்கப் படம்தான். காருக்குப் பின்னால் வண்டியில் நிற்பவரின் கண்ணுக்கு நீங்களோ, உங்கள் இடுப்பளவு உயரப் பேரனோ தெரிவதில்லை, முன்வண்டி சும்மா நிற்கிறது என்று நினைத்து ஹாரன் அடிப்பார், பொறுமை போனால் ஒடித்துப் பக்கத்து லேனில் ஏறி வேகமாக முந்துவார். நின்ற காரைத் தாண்டி நீங்கள் இரண்டடி எடுத்து வைக்கும் நேரமும் அவர் அங்கே வரும் நேரமும் ஒன்றானால் என்ன ஆகும் என்று சொல்லவே மனம் வரவில்லை. அதனால்தான் காரின் மேல் "கடந்து போங்கள்" என்று எழுதுவது தவறு என்று பலரும் சொல்கிறார்கள், நானும் அப்படியே நினைக்கிறேன். கார் தான் என்ன செய்கிறது என்று சொல்லலாம், பக்கத்து லேனில் வருகிறவனுக்கு அது எப்படி ஜவாப்தாரி ஆகும்?

எழுத்தில் சொல்லிப் பார்த்தவர்களும் உண்டு. 2018-இல் டெக்ஸாஸின் ஃபிரிஸ்கோவில் டிரைவ்.ஏஐ நிறுவனம் ஓட்டிய ஆரஞ்சு வேன்களின் வெளிப்புறத் திரைகளில் ஆங்கிலத்தில் வாசகம் ஓடும். ஆங்கிலம் படிக்காதவருக்கும், எழுத்துக் கூட்டும் குழந்தைக்கும், பார்வை மங்கியவருக்கும் அதனால் என்ன பயன்? 2017-இல் ஃபோர்டு விர்ஜீனியாவின் ஆர்லிங்டனில் ஒரு ஓட்டுநருக்கு சீட் மாதிரியே உடை தைத்துப் போட்டு, ஆளே இல்லாததுபோல் வேனை ஓட்டவிட்டு, கண்ணாடிக்கு மேல் வெள்ளை விளக்குப் பட்டை வைத்துப் பார்த்தது. விளக்கு இரண்டு பக்கமும் மாறி மாறி நகர்ந்தால் வழிவிடுகிறது, வேகமாகத் துடித்தால் கிளம்பப் போகிறது. யாராவது சொல்லித் தராமல் அது எப்படிப் புரியும்? ஒவ்வொரு கம்பெனியும் தனக்கென்று ஒரு பாஷை வைத்துக்கொண்டால் தெருவில் நடக்கிறவர்கள் எத்தனை பாஷை படிப்பது?

சரி, நாளைக் காலை நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். பேரனின் கையைப் பிடித்துக்கொண்டு கிராசிங் ஓரத்தில், கார் பார்க்கும்படி நில்லுங்கள். திரையைப் பார்க்க வேண்டாம், முன்சக்கரத்தைப் பாருங்கள். பிரேக் பிடிக்கும்போது காரின் மூக்கு லேசாகத் தாழும், நின்றதும் திரும்ப எழும்பும். சக்கரத்தின் கம்பிகள் தனித்தனியாகத் தெரிந்து அசையாமல் நின்ற பிறகு இறங்குங்கள். அந்தக் காரின் ஓரம் வந்ததும் மறுபடி நின்று, தலையை நீட்டி அடுத்த லேனைப் பாருங்கள். ஆள் ஓட்டும் கார் நின்றாலும் இதையே செய்ய வேண்டும்.

கேள்வி: சான் ஹோசேவில் இருக்கிறேன். 2024 மாடல் மெர்சிடிஸ் இக்யூஎஸ், டிரைவ் பைலட் (நெரிசலில் கார் தானே ஓட்டிக்கொள்ளும் வசதி) உள்ளது, செகண்ட் ஹேண்டில் பார்த்துவைத்திருக்கிறேன். தானாக ஓடும்போது நீலப்பச்சை விளக்கு எரியும் என்று படங்களில் பார்த்தேன். விற்பவர் காட்டிய காரில் அது இல்லை. ஏமாற்றுகிறாரா?

பதில்: விளக்கு இல்லை என்பதற்காக அவரைச் சந்தேகிக்க வேண்டாம். முன்விளக்கிலும் பின்விளக்கிலும் பக்கக் கண்ணாடிகளிலும் எரியும் அந்த டர்க்கைஸ் நிறத்துக்கு கலிஃபோர்னியா 2023 டிசம்பரில் கொடுத்த அனுமதி சோதனை வண்டிகளுக்கானது. நெவாடாவில் விற்பனை வண்டிகளுக்கு என்று சொன்னதும் 2026 மாடலிலிருந்துதான். நீங்கள் கேட்க வேண்டியது வேறு. டிரைவ் பைலட் வந்தபோது அதற்கு வருடச் சந்தா 2,500 டாலரிலிருந்து ஆரம்பித்தது. கை மாறிய காரில் அது தொடருமா, உங்கள் பெயரில் புதிதாகக் கொடுப்பார்களா என்பதை டீலரிடம் எழுத்தில் வாங்குங்கள். அப்புறம், அது வேலை செய்ய அனுமதி பெற்றது இந்த இரண்டு மாநிலங்களில் குறிப்பிட்ட ஃப்ரீவேக்களில், பகலில், முன்னால் வண்டி போய்க்கொண்டிருக்கும்போது, மணிக்கு 40 மைல் வரை. தினமும் நெரிசலில் ஊர்ந்து வேலைக்குப் போகிறவர் என்றால் யோசிக்கலாம். இல்லாவிட்டால் அதற்காகத் தனியாக விலை கொடுக்காதீர்கள்.

கேள்வி: சென்னையில் லெவல் 2 அடாஸ் (ஓட்டுகிறவருக்கு உதவும் தானியங்கி வசதி) உள்ள கார் வைத்திருக்கிறேன். பின்னால் வருகிறவர்களுக்குத் தெரியட்டும் என்று ஆன்லைனில் ஒரு டர்க்கைஸ் விளக்கு பார்த்தேன். வாங்கி ஒட்டலாமா?

பதில்: வாங்காதீர்கள். சிக்னலிலோ ஆம்புலன்ஸிலோ இல்லாத நிறம் என்பதால்தான் டர்க்கைஸைத் தேர்ந்தெடுத்தார்கள், அதற்கு ஒரே அர்த்தம்: இப்போது ஓட்டுவது கார், உள்ளே இருப்பவர் சாலையைப் பார்க்காமல் இருக்கலாம். உங்கள் லெவல் 2-இல் லேன் பிடிப்பதும் இடைவெளி காப்பதும் உதவி மட்டுமே, ஓட்டுகிறவர் நீங்கள், கண் சாலையிலேயே இருக்க வேண்டும். அந்த விளக்கை மாட்டினால் பின்னால் வருகிற பைக்காரருக்குப் பொய் சொல்வதாகும். அடாஸ் தானாக பிரேக் போட்டாலும் பிரேக் லைட் எரியும், அவருக்குத் தேவை அதுதான். இந்த வாரம் ஒருநாள் இருட்டில், வீட்டில் ஒருவரைப் பின்னால் நிற்கவைத்து மூன்று பிரேக் லைட்டும் எரிகிறதா என்று பாருங்கள்.