யாத்திரை வழியில் ஓர் இரவு

கேள்வி: ஸ்பெயினின் சாண்டியாகோ யாத்திரையில் நடந்து செல்வோருக்கு, கிராமத்து விடுதிகளில் முன்பதிவின்றி இடம் கிடைக்குமா?

பதில்: உள்ளூர் நிர்வாகங்கள் நடத்தும் ‘அல்பெர்கே’ விடுதிகள் பெரும்பாலும் முன்பதிவை ஏற்பதில்லை, யாத்திரிகர் அட்டையைக் காட்டி முத்திரை பெற்றுக்கொண்டு, முந்தி வருபவருக்கே கட்டில் என்ற முறையில், பொதுவாக ஓர் இரவு மட்டுமே தங்கலாம். அந்த அட்டையைப் பத்திரமாக வைத்திருங்கள். குறைந்தது 100 கிலோமீட்டர் நடந்ததற்கான சான்றிதழை, முத்திரைகளைப் பார்த்தே தருகிறார்கள். கோடையில் நண்பகலையொட்டிப் போய்ச் சேர்ந்துவிடுவது நல்லது. சேறு படிந்த காலணிகளை வாசலருகே உள்ள அடுக்கில் விட வேண்டும். இரவு 10 மணிக்கு விளக்கணைத்துவிடுவார்கள். அடுக்குக் கட்டில்கள் நிறைந்த பொது அறை என்பதால், மூட்டைப்பூச்சி இருக்கிறதா என்று மெத்தையின் தையலோரங்களைப் பார்த்த பின்பே படுங்கள். பையைக் கட்டிலின் மேல் வைக்கவே வேண்டாம். கட்டணமின்றி உண்டியல் மட்டும் வைத்திருக்கும் விடுதிகளில், தயவுசெய்து இயன்றதைப் போடுங்கள். அவை அந்தக் காணிக்கையை நம்பியே நடக்கின்றன.