மடிக்கணினியில் இருக்கும் கோப்பு சேவையகத்தில் ஏன் காணாமற்போகிறது?

கேள்வி: நான் மல்லாவியைச் சேர்ந்த இறுதியாண்டு மாணவி. எனது செயற்றிட்ட இணையத்தளம் என் வின்டோஸ் மடிக்கணினியில் சரியாக இயங்குகிறது. லினக்ஸ் சேவையகத்தில் ஏற்றியதும் ‘மெனு’ என்ற கோப்பைக் காணவில்லை என்கிறது. நிரலில் அதன் பெயர் பெரிய ‘எம்’ உடன் இருப்பதால், கோப்பின் முதலெழுத்தையும் பெரிதாக மாற்றினேன். ஆனால் மாற்றம் எதுவும் இல்லை என்றே, கோப்புகளின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கருவியான கிட் சொல்கிறது. கிளிநொச்சியில் செயற்றிட்டம் செய்துகொடுக்கும் ஒருவர், கோப்புகளையும் அவற்றின் வரலாற்றையும் கிட் சேர்த்துவைத்திருக்கும் களஞ்சியம் பழுதாகிவிட்டது, அழித்துப் புதிதாகத் தொடங்க வேண்டும் என்று 15,000 ரூபாவும் களஞ்சியத்தை இணையத்தில் வைத்திருக்கும் கிட்ஹப் தளத்துக்கான எனது அனுமதிச் சாவியும் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: இரண்டையும் கொடுக்க வேண்டாம். உங்கள் களஞ்சியம் பழுதாகவில்லை. ஒரேயொரு கட்டளையில் தீரக்கூடிய சிக்கல் இது.

நாம் பள்ளிக்கூடத்தில் கப்பிற்றல் என்றும் சிம்பிள் என்றும் படித்த எழுத்துகள் கணினிக்கு ஒரே எழுத்தின் இரு தோற்றங்கள் அல்ல, வெவ்வேறு எண்கள்: பெரிய ‘எம்’ 77, சிறிய ‘எம்’ 109. லினக்ஸ் அந்த எண்களையே பார்ப்பதால் அங்கே அவை இரண்டு கோப்புகள். வின்டோஸோ நீங்கள் எழுதியபடியே பெயரைக் காட்டினாலும், தேடும்போது இரண்டையும் ஒன்றாகவே கொள்கிறது. ஊரில் பெயரை எப்படி எழுதினாலும் ஆளைத் தெரியும், ஆனால் கந்தோரில் அடையாள அட்டைக்கும் பிறப்புச் சான்றிதழுக்கும் ஓர் எழுத்து மாறினாலே வேறு ஆளாகிவிடுகிறோம் அல்லவா, அந்த வேறுபாடுதான் இங்கும்.

கிட், 2005இல் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸ் கருவின் பணிக்காகவே எழுதிய கருவி. பெயரை எழுத்துக்கு எழுத்து அப்படியே பதிந்துகொள்வது அதன் இயல்பு. வின்டோஸில் களஞ்சியம் ஒன்றை உருவாக்கும்போது, இந்த வட்டு எழுத்தின் அளவைப் பொருட்படுத்தாது என்பதை அது தானே கண்டறிந்து, ‘கோர் டொட் இக்னோர்கேஸ்’ என்ற அமைப்பை இயக்கிவிடுகிறது. அதனால்தான் கோப்புறைச் சாளரத்தில் நீங்கள் செய்த மாற்றம் அதன் கண்ணிற் படவில்லை: உங்கள் திரையில் பெரிய ‘எம்’, கிட்டின் பதிவேட்டில் இன்னும் சிறிய ‘எம்’, சேவையகத்துக்குப் போனதும் அந்தச் சிறிய ‘எம்’ தான்.

முதலில் கட்டளைச் சாளரத்தில் ‘கிட் எல்எஸ்-ஃபைல்ஸ்’ என்று தட்டச்சு செய்யுங்கள். கிட் பதிந்துவைத்திருக்கும் உண்மையான பெயர்கள் வரிசையாக வரும். பின்னர் ‘கிட் எம்வி’ என எழுதி, ஓர் இடைவெளி விட்டு அந்தப் பட்டியலில் உள்ள பழைய பெயரையும், மீண்டும் ஓர் இடைவெளி விட்டுப் புதிய பெயரையும் எழுதுங்கள். அதன்பின் வழக்கம்போல் மாற்றத்தைப் பதிய ‘கொமிட்’, அதை இணையத்துக்கு அனுப்பப் ‘புஷ்’. கோப்பு மீண்டும் பதிவேற்றப்படாது, பெயர் மாற்றம் மட்டுமே போகும். ஆகவே களஞ்சியம் முழுவதையும் மறுபடி இறக்கிக் கைத்தொலைபேசி டேட்டாவைக் கரைக்கத் தேவையில்லை.

கோப்புறையின் பெயரானால் ஒரு விலக்கு உண்டு. இதில்தான் பலர் நாட்கணக்கில் தடுமாறுகிறார்கள் என்பதால் சற்று விரித்தே சொல்கிறேன். ‘இமேஜஸ்’ என்ற கோப்புறையின் பெரிய ‘ஐ’யைச் சிறிய ‘ஐ’யாக்க ஒரே கட்டளையில் முயன்றால், அந்தப் பெயரில் ஏற்கனவே ஒரு கோப்புறை இருப்பதாக வின்டோஸ் கருதுவதால் கட்டளை பிழைத்துவிடலாம். எனவே இடையில் ஒரு தற்காலிகப் பெயர் வேண்டும். முதலில் ‘இமேஜஸ்’ என்பதை ‘டெம்ப்’ ஆக்குங்கள், அடுத்த கட்டளையில் ‘டெம்ப்’ என்பதைச் சிறிய ‘ஐ’ உள்ள பெயருக்கு மாற்றுங்கள், இரண்டும் முடிந்த பின்னரே கொமிட் செய்யுங்கள். முதற்கட்டளையில் எழுதும் பழைய பெயர், சாளரத்தில் தெரிவதாக அன்றி, எல்எஸ்-ஃபைல்ஸ் பட்டியலில் உள்ளபடியே இருக்க வேண்டும். அனுமதி மறுக்கப்பட்டது என்று வந்தால், நிரல் எழுதும் செயலியோ ஓடிக்கொண்டிருக்கும் சோதனைச் சேவையகமோ அந்தக் கோப்புறையைப் பிடித்துவைத்திருக்கிறது என்று பொருள். அவற்றை மூடிவிட்டு மீண்டும் முயலுங்கள்.

இக்னோர்கேஸ் அமைப்பை நிறுத்திவிட்டால் போதும் என்றும் யாராவது சொல்வார்கள். செய்யாதீர்கள். இரண்டு பெயர்களும் தனித்தனியாகப் பதிவாகும். லினக்ஸில் இரு கோப்புகள் தோன்றும், வின்டோஸில் ஒன்றுதான் இறங்கும், எதைத் திருத்துகிறோம் என்று தெரியாமலே பழைய கோப்பைத் திருத்திக்கொண்டிருப்பீர்கள்.

கட்டளைகளிலும் எழுத்தின் அளவு கவனிக்கப்பட வேண்டும். கிளைகளை, அதாவது தனியே பிரிந்து செல்லும் மாற்றங்களின் வரிசைகளைக் கையாளும் ‘கிட் பிராஞ்ச்’ உடன், ‘டிலீட்’ என்பதன் முதலெழுத்தான ‘டீ’யைச் சிறிதாகப் போட்டால், இணைக்கப்படாத கிளையை அழிக்க கிட் மறுக்கும். பெரிய ‘டீ’ போட்டால் கேள்வியின்றி அழித்துவிடும். நீங்கள் இப்போது நிற்கும் கொமிட்டைக் குறிக்கும் ‘ஹெட்’ என்பதைச் சிறிய எழுத்தில் எழுதினாலும் வின்டோஸில் வேலை செய்யும், லினக்ஸில் செய்யாது.

எழுத்துக்குப் பெரிது, சிறிது என்ற பேதமே இல்லாத மொழியில் எழுதப் பழகிய பிள்ளைகளுக்கு இந்த வேறுபாடு அழகுக்கானது என்றே தோன்றும். அது அவர்களின் பிழையன்று. ஆய்வுகூடத்தில் வின்டோஸை மட்டும் கொடுத்து, ஒப்படைக்க லினக்ஸ் சேவையகத்தைக் காட்டி, இரண்டுக்கும் இடையிலுள்ள பள்ளத்தைப் பற்றி ஒரு விரிவுரையேனும் வைக்காத பாடத்திட்டத்தின் பிழை அது. பணிசெயல் முறைமையின் வரைவிலக்கணத்தை மனனம் செய்விக்கும் நேரத்தில் பாதியை இதற்குச் செலவிட்டிருந்தால், இப்படியான இடைத்தரகர்களுக்கு வேலையே இராது.

உங்களிடம் பணம் கேட்கும் அந்தக் கிளிநொச்சிக்காரரைப் பற்றித் திட்டவட்டமாகவே சொல்கிறேன். களஞ்சியத்தை அழிப்பது என்றால் மறைந்திருக்கும் ‘டொட் கிட்’ கோப்புறையை அழிப்பது. எந்த நாளில் எதை எழுதினீர்கள் என்ற வரலாறு முழுவதும் அதற்குள்தான் இருக்கிறது. செயற்றிட்டம் உங்கள் சொந்த உழைப்பா என்று பரீட்சகர் ஐயுற்றால், நீங்கள் காட்டக்கூடிய மிகச் சிறந்த சான்று அந்த வரலாறு. ஒரே நாளில், ஒரே கொமிட்டில் முளைத்த களஞ்சியம் விலைக்கு வாங்கிய செயற்றிட்டம் போலவே தோன்றும்.

சாவி அதைவிட ஆபத்தானது. 2021 ஆகஸ்ட் 13 முதல் கிட்ஹப், கிட் கட்டளைகளுக்குக் கணக்கின் கடவுச்சொல்லை ஏற்பதில்லை. அந்த இடத்தில் இப்போது பயன்படுவது இந்தச் சாவி. அதற்கு நீங்கள் கொடுத்திருக்கும் அதிகாரங்கள் எல்லாம், சாவி காலாவதியாகும் வரை அல்லது நீங்கள் அதை நீக்கும் வரை அதை வைத்திருப்பவருக்கும் உண்டு. உங்கள் நிரலை அடுத்த ஆண்டு மாணவருக்கு விற்பதையும் நீங்கள் தடுக்க முடியாது. ஏற்கனவே அவருக்கு அனுப்பியிருந்தால், கிட்ஹப் அமைப்புகளில் ‘டெவலப்பர் செட்டிங்ஸ்’ பகுதிக்குச் சென்று அந்தச் சாவியை இன்றே நீக்கிவிட்டு, இந்த ஒரு களஞ்சியத்துக்கு மட்டும் செல்லுபடியாகும், குறுகிய காலத்தில் முடியும் புதிய சாவியொன்றை உருவாக்கி, அதைக்கொண்டு மெனு கோப்பின் பெயர்மாற்றத்தைப் புஷ் செய்யுங்கள்.