கத்திரி வெயிலில் சதுப்பு நிலம்: வரைவோரும் வாங்குவோரும் கேட்டவை

இந்தக் கோடையில் வந்த கேள்விகளில் ஒரு பாதி நீர்நிலைகளை வரைவோரிடமிருந்தும், மறு பாதி நிலக்காட்சி ஓவியம் ஒன்றை முதன்முறையாக வாங்க நினைப்போரிடமிருந்தும் வந்துள்ளன. வரைவோர் எவற்றை உற்றுநோக்க வேண்டுமோ அவற்றையே வாங்குவோரும் உற்றுநோக்க வேண்டியிருப்பதால், இரண்டையும் பிரிக்காமல் தருகிறேன்.

இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்குச் சென்று நீர்வண்ணத்தில் வரைந்தேன். கண்ணுக்கு எல்லாம் வெளிறித் தெரிகிறது. தாளிலோ பச்சையும் நீலமுமாக, நாட்காட்டிப் படம் போல வந்துவிடுகிறது. எங்கே தவறுகிறேன்? (வேளச்சேரி வாசகர்)

நீங்கள் சென்ற நேரத்தைக் குறிப்பிடவில்லை. காலை ஒன்பது மணிக்கு மேல் சென்றிருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன். ஏப்ரல் கடைசி வாரத்தில் சென்னையில் நண்பகல் சூரியன் ஏறக்குறைய நேர் உச்சியில் நிற்கிறது. மே மாதம் முழுவதும் அது உச்சியிலிருந்து அதிகம் விலகுவதில்லை. நிழல் பொருளின் காலடியிலேயே ஒடுங்கிவிடுவதால், கோரைத் திட்டுக்கும் அதன் பின்னுள்ள சேற்றுக்கும் இடையே வேறுபாடு காட்ட எதுவும் மிஞ்சுவதில்லை. அந்த இடைவெளியை மனம் தனக்குத் தெரிந்த நிறங்களால் நிரப்பிக்கொள்கிறது: கோரை என்றால் பச்சை, நீர் என்றால் நீலம். காலை ஆறு மணிக்குத் தொடங்கி எட்டரைக்குள் முடித்துவிடுங்கள். அல்லது மாலை நாலரைக்கு மேல் உட்காருங்கள்.

வண்ணத்தைத் தொடுவதற்கு முன், உள்ளங்கை அளவுள்ள ஒரு சதுரத்தில் பென்சிலால் மூன்றே அடர்த்திகளில் காட்சியைப் பிரித்துப் பாருங்கள். கோடைச் சதுப்பில் பெரும்பாலும் வானமும் தொலைவு நீரும் ஒரே வெளிர் அடர்த்தியிலும், காய்ந்த கோரை நடு அடர்த்தியிலும், ஈரச்சேறும் சம்பங்கோரையின் அடிப்பகுதியும் அடர் நிலையிலும் அமையும். இந்த மூன்றும் சரியாக அமைந்துவிட்டால் நிறத்தில் செய்யும் பிழைகளைக் கண் மன்னித்துவிடும். இவை பிசகினால் எந்த நிறமும் காப்பாற்றாது.

நீரைப் பற்றி ஒன்றைக் கவனியுங்கள். தொலைவில் உள்ள நீரைச் சாய்ந்த கோணத்தில் பார்ப்பதால் அது வானத்தைப் பிரதிபலிக்கிறது. காலடியில் உள்ள நீரை ஏறக்குறைய மேலிருந்து பார்ப்பதால் அதனூடே அடிச்சேறு தெரிகிறது. ஆகவே ஒரே குட்டை, தொலைவில் வெள்ளியாகவும் அருகில் தேநீர் நிறமாகவும் இருக்கும். முழு நீர்ப்பரப்பையும் ஒரே நீலத்தில் பூசுவதுதான் நாட்காட்டித்தனம். பச்சையைக் குப்பியிலிருந்து அப்படியே எடுக்காமல், எல்லோ ஓக்கர் என்னும் மண்மஞ்சளுடன் சிறிது அல்ட்ராமெரின் என்னும் அடர்நீலமும் பர்ன்ட் சியன்னா என்னும் செம்பழுப்பும் கலந்து பாருங்கள். மே மாதக் கோரையின் அந்த வைக்கோல் கலந்த பச்சை அதில்தான் கிடைக்கும்.

வேதாரண்யம் பகுதியில் வசிக்கிறேன். இங்கே எல்லாம் தட்டை நிலம். மலையும் இல்லை, மரமும் குறைவு. தொலைவை எப்படிக் காட்டுவது?

இதே சிக்கலைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் அமெரிக்க ஓவியர் மார்ட்டின் ஜான்சன் ஹீட் தன் வாழ்வின் பெரும்பகுதியில் எதிர்கொண்டார். அட்லாண்டிக் கரையோர உவர்ச் சதுப்புகளை மட்டும் நூற்றுக்கும் மேற்பட்ட படங்களாக வரைந்தவர் அவர். அங்கே அறுத்த புல்லைக் குவித்து வைத்திருப்பார்கள். அருகில் பெரிதாகவும் தொலைவில் புள்ளியாகவும் சிறுத்துச் செல்லும் அந்தக் குவியல்களே அவருடைய படங்களில் தொலைவை அளக்கும் கோல். உங்கள் ஊரில் உப்பளங்களின் வெள்ளைக் குவியல்கள் அதே வேலையைச் செய்யக் காத்திருக்கின்றன. பாத்தி வரப்புகள் கண்ணை உள்ளே இழுத்துச் செல்லும் கோடுகளாகப் பயன்படும். அடிவானத்தைப் படத்தின் நடுவில் வைக்காதீர்கள். ஹாலந்து ஓவியர் ரூயிஸ்டால் செய்தது போலக் கீழே இறக்கி வானத்துக்கு இடம் கொடுங்கள். அல்லது மேலே ஏற்றிப் பாத்திகளை விரியவிடுங்கள். உப்பை வெள்ளை வண்ணத்தால் தீட்ட வேண்டாம், அந்த இடத்தில் தாளின் வெண்மையையே விட்டுவைங்கள். அதன் நிழல் பக்கத்தில் நீங்கள் எதிர்பார்க்காத ஊதா இருக்கும்.

கோடையில் வேடந்தாங்கலில் வரைவதற்கு ஏதாவது இருக்குமா?

பறவைகளைத் தேடிச் சென்றால் ஏமாற்றம்தான். அவற்றின் காலம் நவம்பர் முதல் மார்ச் வரை. நீர் வற்றிய ஏரியில், வெள்ளக்கோடு படிந்த அடிமரங்களோடு நிற்கும் கடப்ப மரங்களை வரைய விரும்புகிறவருக்கு மே மாதமே நல்லது. கூட்டமும் இருக்காது.

வெயிலில் நீர்வண்ணம் தூரிகையிலேயே காய்ந்துவிடுகிறது. கிளிசரின் சேர்க்கலாம் என்கிறார்கள்.

கலக்கும் நீரில் ஓரிரு சொட்டு சேர்க்கலாம். அதற்கு மேல் போனால், கிளிசரின் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும் தன்மை உடையது என்பதால், ஐப்பசி மழையில் உங்கள் படம் பிசுபிசுக்கத் தொடங்கிப் பூஞ்சைக்கு விருந்தாகும். 300 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 300 கிராம்) கனமுள்ள பருத்தித் தாளை இருபுறமும் நனைத்துப் பலகையில் ஒட்டவைத்து, நிழலில் அமர்ந்து, வழக்கத்தைவிடச் சிறிய படத்தைப் பெரிய தூரிகையால் வரைவது இதைவிட நம்பகமான வழி.

முதன்முறையாக ஓர் அசல் நிலக்காட்சி ஓவியம் வாங்க விரும்புகிறேன். பதினைந்தாயிரம் ரூபாய்தான் ஒதுக்க முடியும். இது போதுமா? எங்கே, எப்படித் தொடங்குவது? (கோவை வாசகர்)

தாராளமாகப் போதும், ஆனால் ஆறு மாதங்களுக்கு எதையும் வாங்காதீர்கள். அந்த ஆறு மாதங்களில் கண்ணால் பார்த்துக்கொண்டே இருங்கள். சென்னைக்கு வரும்போது கிரீம்ஸ் சாலையிலுள்ள லலித் கலா அகாடமியின் கண்காட்சிகளையும், ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரும் அவருடைய மாணவர்களும் 1966இல் ஈஞ்சம்பாக்கத்தில் நிறுவிய சோழமண்டல ஓவியர் கிராமத்தையும் பாருங்கள். பாத்திக் (மெழுகிட்டுச் சாயமேற்றும் துணி) முதலிய கைவினைப் பொருள்களை விற்ற பணத்தில் ஓவியர்களே நிலம் வாங்கி எழுப்பிய இடம் அது. ஓவியர்கள் எப்படிப் பிழைக்கிறார்கள் என்பதை அறிந்து கொள்வதும் வாங்குபவருக்குப் பயன்படும் கல்விதான். கவின்கலைக் கல்லூரி மாணவர்களின் கண்காட்சிகளைத் தவறவிடாதீர்கள். உங்கள் தொகைக்கு, பெயர் பெற்ற ஒருவரின் அவசரப் படத்தைவிட, இன்னும் பெயர் பெறாத ஒருவரின் மிகச் சிறந்த படம் கிடைக்கும். பெயர் பெற்றவரே வேண்டும் என்றால், அவர் தாளில் வரைந்த கோட்டோவியத்தைக் கேட்டுப் பாருங்கள்.

ஒரு நிலக்காட்சியை வாங்கலாமா என்று முடிவு செய்ய நான் எனக்குள் கேட்டுக்கொள்வது ஒன்றே: இவர் அந்த இடத்தில் உட்கார்ந்தாரா, அல்லது புகைப்படத்தைப் பார்த்து வரைந்தாரா? புகைப்படத்திலிருந்து வரைவது குற்றமல்ல. ஆனால் கேமரா நிழல்களைக் கரியாக்கிவிடும், வெளிச்சத்தை வெறும் வெள்ளையாக்கிவிடும். வெயிலில் நின்று பார்த்தவருக்கு நிழலுக்குள்ளும் நிறம் தெரியும். காலை மணி எத்தனை, காற்று அடித்ததா, நீர் எவ்வளவு வற்றியிருந்தது என்றெல்லாம் படத்தைப் பார்த்தே உங்களால் சொல்ல முடிந்தால், அது உட்கார்ந்து வரைந்த படமாகத்தான் இருக்கும்.

வாங்கும்போது தலைப்பு, ஊடகம், அளவு, ஆண்டு ஆகியவற்றைக் குறித்து, ஓவியர் கையொப்பமிட்ட சான்றும் விலைச்சீட்டும் பெற்றுக்கொள்ளுங்கள். சட்டகத்துக்குத் தனியாக ஒரு தொகையை ஒதுக்குங்கள். பலர் இதை மறந்துவிட்டு, நல்ல படத்தை மட்டமான அட்டையில் அடைத்துவிடுகிறார்கள். தவணையில் தரலாமா என்று கேட்பதில் தவறில்லை, பெரும்பாலான ஓவியர்கள் சம்மதிப்பார்கள். விலையை ஒருமுறை கேட்டுக் குறைத்துப் பார்க்கலாம். இரண்டாம் முறை பேரம் பேசுவது கத்தரிக்காய்க் கடையில் மட்டும் இருக்கட்டும்.

பத்து ஆண்டுகளில் இதன் விலை ஏறுமா?

பெரும்பாலான ஓவியங்களின் விலை ஏறுவதில்லை. பலவற்றை மறுபடி வாங்க ஆள் கிடைப்பதே அரிது. முதலீடுதான் நோக்கம் என்றால் வங்கிக்குச் செல்லுங்கள்.

காரைக்குடியில் எங்கள் பாட்டனார் வீட்டில், டேனியல் வரைந்ததாகச் சொல்லப்படும் கோயில் குளக் காட்சி ஒன்று இருக்கிறது. அசலா? அசல் என்றால் சிங்கப்பூரில் இருக்கும் மகனிடம் கொடுத்தனுப்பலாமா?

ஆங்கில ஓவியர் தாமஸ் டேனியலும் அவருடைய சகோதரர் மகன் வில்லியமும் இந்தியாவின் பல பகுதிகளில் பயணம் செய்து வரைந்தவை (தென்னாட்டுப் பயணம் 1792இல்), பிறகு லண்டனில் 1795 முதல் 1808 வரை, செப்புத் தகட்டை அமிலத்தால் அரித்து எடுக்கும் அக்வாடின்ட் முறையில் 144 அச்சுகளாக வெளிவந்தன. ஆகவே வீடுகளில் காணப்படுபவை அநேகமாக அச்சுகளே, கையால் வரைந்தவை அல்ல. அவற்றிலும் அக்காலத்து அச்சு வேறு, பின்னாளில் காலண்டர் கம்பெனிகள் அடித்த மறுபதிப்பு வேறு. பத்து மடங்கு பெருக்கும் கண்ணாடியால் வானப் பகுதியைப் பாருங்கள். ஒழுங்கான வட்டங்களாகப் புள்ளிகள் தெரிந்தால் அது ஆப்செட் மறுபதிப்பு. மணல் தூவியது போல ஒழுங்கற்ற துகள் தெரிந்து, படத்தைச் சுற்றித் தகடு அழுந்திய தடமும் இருந்தால், அருங்காட்சியகத்தில் பழக்கமுள்ள ஒருவரிடம் காட்டுங்கள். அதுவரை துடைக்காதீர்கள், ஓரத்தை வெட்டாதீர்கள்.

அது பழைய அச்சாகவே இருந்தால் சிங்கப்பூர்ப் பயணத்தை மறந்துவிடுங்கள். 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி நூறு ஆண்டுகளைக் கடந்த கலைப்படைப்பு தொல்பொருளாகக் கருதப்படும். தனியார் அதை வெளிநாட்டுக்கு எடுத்துச் செல்ல முடியாது. ரவி வர்மா, ஜாமினி ராய், அம்ரிதா ஷெர்கில் உள்ளிட்ட சிலரின் படைப்புகளுக்கு, நூறு ஆண்டு ஆகாவிட்டாலும் இதே தடை உண்டு.

நான் விலை கொடுத்து வாங்கிய ஏரி ஓவியத்தை மகள் திருமண அழைப்பிதழில் அச்சிடலாமா?

ஓவியரிடம் எழுத்தில் அனுமதி பெற்று அச்சிடலாம். நீங்கள் வாங்கியது படத்தை. அதைப் படியெடுக்கும் உரிமை, வேறு ஒப்பந்தம் இல்லாவிடில், ஓவியரிடமே இருக்கிறது. திருமணம் என்று சொன்னால் பெரும்பாலோர் மகிழ்ச்சியோடு சம்மதிப்பார்கள். ஓர் அழைப்பிதழை மட்டும் அவருக்கும் அனுப்பிவிடுங்கள்.

கடற்கரை ஓரம் குடியிருக்கிறோம். நீர்வண்ண ஓவியத்தின் மீது பழுப்புப் புள்ளிகள் வந்துவிட்டன. (நாகப்பட்டினம் வாசகர்)

என் வீட்டிலும் வந்தது. மழை அடிக்கும் வெளிச்சுவரில் மாட்டியது என் முட்டாள்தனம். அந்தப் புள்ளிகளை வீட்டில் எந்தத் திரவத்தாலும் நீக்க முயலாமல், தாள் பாதுகாப்பில் பயிற்சி பெற்றவரிடம் கொடுங்கள். திரும்பி வந்ததும், அமிலமற்ற மவுண்ட் அட்டை வைத்து, கண்ணாடி தாளைத் தொடாதபடி இடைவெளி விட்டுச் சட்டமிடச் சொல்லுங்கள். உட்சுவரில் மாட்டி, சட்டகத்தின் கீழ் மூலைகள் இரண்டிலும் பின்புறம் சிறு தக்கைத் துண்டுகளை ஒட்டினால், சுவருக்கும் படத்துக்கும் இடையே காற்று போய்வரும். நேர் வெயில் படும் இடம் ஆகாது. குறிப்பாக அலிசரின் கிரிம்சன் போன்ற சில சிவப்புகள் ஒளியில் மங்குபவை, படத்தில் அந்திவானம் இருந்தால் முதலில் போவது அதுதான். ஐப்பசி பிறப்பதற்கு முன் ஒருமுறை படத்தைக் கழற்றிப் பின்பக்கத்தைப் பாருங்கள். வெள்ளிப்பூச்சிகள் முன்பக்கத்துக்கு வருவதற்குப் பல மாதங்கள் முன்பே அங்கே குடியேறியிருக்கும்.