முழுவட்டப் படத்தில் கண் எங்கே போகும்?

கேள்வி: 360 டிகிரி கேமராவில் ஒரு கூடத்தைப் படம் எடுத்தேன். பார்ப்பவர் கண் எங்கே போகும் என்று கணித்து வண்ணம் தீட்டும் மென்பொருளில் போட்டால், கூரையைச் சிவப்பாக்கிவிடுகிறது (சிவப்பு என்றால் அதிகம் பார்க்கப்படும் இடம்). சாதாரணப் படங்களுக்குச் சரியாகத்தானே காட்டுகிறது?

பதில்: நீங்கள் அதற்குக் கொடுத்தது ஓர் உருண்டையைத் தட்டையாக விரித்த படம். உலக வரைபடத்தில் அண்டார்க்டிகா அடிவிளிம்பு முழுக்க நீண்டு கிடக்குமே, அதே கதைதான். நடுக்கோட்டிலிருந்து 60 டிகிரி மேலே போனால் எல்லாம் இரண்டு மடங்கு அகலமாகும். உச்சிப்புள்ளி மேல்வரிசை முழுவதுமாக இழுபடும். தலைக்கு நேர் மேலே தொங்கும் விளக்கு ஒளிப்பட்டையாக நீள, மென்பொருள் அதைப் பிடித்துக்கொள்கிறது. ஆனால் வி.ஆர். கண்ணாடி (முழுவட்டப் படத்தைச் சுற்றிலும் காட்டும் தலைக்கருவி) மாட்டியவர் கழுத்தை அண்ணாந்து பார்ப்பது அபூர்வம். பெரும்பாலும் கண்மட்டத்தை ஒட்டியே பார்வை உலவும்.

இன்னொரு சிக்கல் விளிம்பு. நானே இதில் ஒருமுறை நன்றாக ஏமாந்தேன். வாசலில் நின்ற பெண்ணின் முகம் உருண்டையை விரிப்பதற்காக வெட்டிய கோட்டில் சரியாக விழுந்திருந்தது: வலது ஓரத்தில் ஒரு காது, இடது ஓரத்தில் மூக்கும் வாயும். பார்த்தவர்கள் எல்லோரும் அந்த முகத்தைத்தான் பார்த்தார்கள். என் கணிப்பிலோ அங்கே ஒன்றுமே இல்லை. இரண்டு நாள் நிரலைக் குடைந்த பிறகுதான் படத்தையே உற்றுப் பார்த்தேன்.

சரி, என்ன செய்யலாம்? பார்ப்பவருக்கு ஒரு நேரத்தில் சுமார் 100 டிகிரி அகல ஜன்னல்தான் தெரிகிறது. நீங்களும் படத்தை அப்படியே ஒன்றன்மேல் ஒன்று படியும் ஜன்னல்களாக வெட்டி, ஒவ்வொன்றையும் தனியாகக் கணித்து, திரும்ப உருண்டையில் ஒட்டுங்கள். சாதாரணப் படங்களில் பழகிய மென்பொருளுக்கு நடுவில் இருப்பதைப் பெரிதாக எண்ணும் பழக்கம் உண்டு. ஆகவே ஜன்னல்களைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிப் பலமுறை கணித்துச் சராசரி எடுங்கள். அப்புறம் கண்மட்டத்துக்குக் கூடுதல் எடை.

கடைசியில் நாலு பேருக்குக் கண்ணாடி மாட்டிச் சரிபாருங்கள். ஒவ்வொருவரையும் வேறு வேறு திசையில் பார்க்கத் தொடங்க விடுங்கள், முதலில் எதிரே இருப்பதுதான் அதிகம் பார்க்கப்படும். சுழல் நாற்காலி அவசியம். மற்ற நாற்காலியில் உட்கார்ந்தால் முதுகுப்பக்கம் திரும்பவே தயங்குவார்கள். உங்கள் வரைபடத்தில் பாதிக் கூடம் வெறிச்சோடிப்போகும்.