செக் புக் யார் வீட்டில் இருக்கிறது?

அன்புள்ள அம்மா,

உங்கள் ஊராட்சிக் கட்டுரைகளை விடாமல் படிப்பவன். வயது 27. தன்பாலீர்ப்பாளன். நண்பர்களுக்குத் தெரியும், அம்மாவுக்குத் தெரியும், அப்பாவுக்குத் தெரியாது. ஒரு கட்சியின் இளைஞரணியில் இருக்கிறேன். அடுத்த நகராட்சித் தேர்தலில் கவுன்சிலர் சீட் கேட்கலாம் என்று எண்ணம்.

செர்பியா போன்ற கட்டுப்பெட்டியான நாட்டில் 2017-ல் ஒரு லெஸ்பியன் பெண் பிரதமரானார். அதே மாதம் அயர்லாந்தில் நம் இந்திய வம்சாவளி லியோ வரத்கர். இப்போது லாட்வியாவின் ஜனாதிபதியும் தன்பாலீர்ப்பாளர். அதற்கெல்லாம் முன்பே பாகிஸ்தானில் பேநசீர் புட்டோ. பழமையான சமூகங்கள் மேலிருந்து மாற ஆரம்பித்துவிட்டன என்பதற்கு இவை அடையாளம் இல்லையா? ஜெயலலிதா ஆண்ட தமிழ்நாட்டில் இது ஏன் நடக்கக் கூடாது? கட்சியில் என்னைப் பற்றிச் சொல்லிவிட்டு சீட் கேட்பதா, ஜெயித்த பிறகு சொல்வதா? (நான்கு பக்கக் கடிதத்தின் சுருக்கம்.)

கா.

அன்புள்ள கா.,

கடிதத்துக்கு நன்றி. அம்மாவிடம் சொல்லிவிட்டீர்கள் என்ற வரியை இரண்டு தரம் படித்தேன். அந்த அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். நான் செர்பியாவைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்த நேரத்தில் உங்கள் கடிதம் வந்தது. அதனால்தான் இவ்வளவு நீளமாகப் பதில் எழுதுகிறேன்.

முதலில் திட்டிவிடுகிறேன். நீங்கள் அனுப்பியிருப்பது ஒரு பட்டியல். முதல் பெண், முதல் லெஸ்பியன், முதல் இவர், முதல் அவர் என்று போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளை மாதிரி அடுக்கியிருக்கிறீர்கள். நாற்காலியில் யார் உட்கார்ந்தார் என்பது பொது அறிவுக் கேள்வி. உட்கார வைத்தது யார், உட்கார்ந்தவர் எந்தத் தாளில் கையெழுத்துப் போட்டார், எதில் மறுத்தார் என்று கேட்டால்தான் அரசியல் ஆரம்பிக்கும். அரசியலுக்கு வர நினைக்கிறவர் இரண்டாவதைக் கேட்கப் பழக வேண்டாமா?

ஜெயலலிதாவை இதில் இழுக்காதீர்கள். அவருக்குத் தனிக் கட்டுரை வேண்டும், இன்று எனக்குத் தெம்பில்லை. ‘நம் இந்திய வம்சாவளி’ என்ற பெருமிதத்தையும் விட்டுவிடலாம். வரத்கரின் அப்பா மும்பையிலிருந்து போன டாக்டர். அதற்கு மேல் நமக்கு அதில் பங்கு கிடையாது.

செர்பியாவுக்கு வருகிறேன். அனா பிர்னாபிச் ஓட்டுக் கேட்டு வீடு வீடாக ஏறி இறங்கிப் பிரதமரானவர் அல்ல. வெளிநாட்டில் படித்தவர், காற்றாலைக் கம்பெனியில் வேலை பார்த்தவர், அப்போது எந்தக் கட்சியிலும் உறுப்பினராக இல்லாதவர். 2016-ல் அவரை அமைச்சராக்கியவர் அன்றைய பிரதமர் அலெக்சாண்டர் வூசிச். 2017-ல் வூசிச் ஜனாதிபதியானார். செர்பிய அரசியல் சட்டப்படி அதிகாரம் பிரதமரிடம்தான், ஜனாதிபதி பதவி பெரும்பாலும் அலங்காரம். ஆனால் ஆள் மாறியதும் அதிகாரமும் அவர் பின்னாலேயே ஜனாதிபதி மாளிகைக்குப் போய்விட்டது. காலியான பிரதமர் நாற்காலிக்கு, சொந்தமாக ஓட்டும் ஆளும் படையும் இல்லாத ஒருவர் வேண்டியிருந்தது. அம்மையார் பொருளாதாரத்தைப் பார்த்துக்கொள்ளட்டும், அரசியலை இன்னொரு அமைச்சர் கவனிப்பார் என்று வூசிச் வெளிப்படையாகவே சொன்னார். ஐரோப்பிய ஒன்றியத்தின் வாசலில் 2012 முதல் வேட்பாளராகக் காத்திருந்த நாட்டுக்கு இப்படி ஒரு பிரதமர் நல்ல முகவரிச் சீட்டு என்பதும் அவருக்குத் தெரியாமல் இருந்திருக்காது.

அது கட்டுப்பெட்டியான நாடு என்பதில் சந்தேகமில்லை. தலைநகர் பெல்கிரேடில் 2001-ல் நடந்த தன்பாலீர்ப்பாளர்களின் பிரைடு ஊர்வலத்தில் ஊர்வலம் போனவர்களை அடித்து நொறுக்கினார்கள். 2010-ல் பாதுகாப்புக்குப் பல ஆயிரம் போலீசை நிறுத்தியும் நகரம் கலவரமானது. அதற்குப் பிறகு மூன்று வருடம் தடை. அப்படிப்பட்ட ஊரில் 2017 செப்டம்பரில் ஒரு பிரதமர் ஊர்வலத்துக்கு வந்து நின்றார் என்றால் அது சின்ன விஷயமில்லை. ஆளும் கூட்டணியிலேயே இருந்த ஒரு சிறு கட்சித் தலைவர், இவர் என் பிரதமர் இல்லை என்று வெளிப்படையாகச் சொன்னார். அந்த அவமானத்தையெல்லாம் தாங்கிக்கொண்டு நின்றார். அந்தத் தைரியத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு என்ன நடந்தது? 2019-ல் அவருடைய துணைவிக்கு ஆண் குழந்தை பிறந்தது. உலகச் செய்தியானது. ஆனால் செர்பியச் சட்டத்தில் இரு பெண்கள் சேர்ந்து வாழும் குடும்பத்துக்கு எந்தப் பெயரும் கிடையாது. 2021-ல் ஒருபாலினத் துணைவர்களைப் பதிவு செய்யும் சட்டத்துக்கு வரைவு தயாரானது. இப்படி ஒரு சட்டம் வந்தால் கையெழுத்துப் போட மாட்டேன், அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்றார் வூசிச். அவ்வளவுதான், வரைவு தூங்கிவிட்டது. பிரதமர் ராஜினாமா செய்யவில்லை. முரண்டு பிடித்ததாகவும் தெரியவில்லை.

அடுத்த வருடம் ஐரோப்பா முழுவதுக்குமான யூரோபிரைடு பெல்கிரேடில் நடக்க இருந்தது. 2022 ஆகஸ்டு கடைசியில் வூசிச் பத்திரிகையாளர்களைக் கூப்பிட்டு, இந்த வருடம் யூரோபிரைடு நடக்காது என்று அறிவித்தார். அதே கூட்டத்தில், அடுத்த பிரதமராகவும் பிர்னாபிச்சையே முன்மொழிகிறேன் என்றார். ஒரே மேஜை, ஒரே மைக். ஒரு கையால் ஊர்வலத்தை எடுத்துக்கொண்டு மறு கையால் நாற்காலியை நீட்டுகிறார். பிர்னாபிச் நாற்காலியை வாங்கிக்கொண்டார். செப்டம்பரில் உள்துறை அமைச்சகம் ஊர்வலத்துக்குத் தடை போட்டது. அது யாருடைய அரசு? கடைசியில் மழையில், வழியைச் சுருக்கி, போலீஸ் சூழ, ஒரு ஊர்வலம் எப்படியோ நடந்தது. 2024-ல் பிரதமர் பதவியிலிருந்து பாராளுமன்ற சபாநாயகர் பதவிக்குப் போனார். ஏறக்குறைய ஏழு வருட ஆட்சியில் அவரைப் போன்ற ஒரு பெண்ணின் வீட்டுக்குச் சட்டத்தில் ஒரு வரி சேரவில்லை.

இப்போது லாட்வியா. உங்கள் பட்டியலில் ஜனாதிபதி எட்கர்ஸ் ரிங்கேவிச்ஸ் இருக்கிறார். நான் சொல்லப்போகிறவர் அந்தப் பட்டியலிலேயே இல்லாத ஒரு பெண். வேலைக்குப் போகிறவர். அவருடைய துணைவி பிரசவித்தார். குழந்தை பிறந்தால் அப்பாவுக்குப் பத்து நாள் லீவு உண்டு என்கிறது அந்த நாட்டுத் தொழிலாளர் சட்டம். அந்த லீவை எனக்கும் கொடுங்கள் என்று கேட்டார். நீங்கள் அப்பா இல்லையே என்றது சட்டம். வழக்கு அரசியல் சாசன நீதிமன்றத்துக்குப் போனது. 2020 நவம்பரில் தீர்ப்பு வந்தது: இந்தக் குடும்பங்களும் குடும்பங்களே, இவர்களைக் காக்க சட்டம் செய்யுங்கள். 2006 முதல், திருமணம் என்றால் ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையில்தான் என்று அரசியல் சட்டத்திலேயே எழுதி வைத்திருக்கிற நாடு அது. அங்கே இந்தத் தீர்ப்பு!

பாராளுமன்றம் மூன்று வருடம் இழுத்தடித்தது. 2023 நவம்பரில் துணைவர் பதிவுச் சட்டம் நிறைவேறியது. உடனே 34 உறுப்பினர்கள் ஜனாதிபதியிடம் மனுப் போட்டார்கள், சட்டத்தை இரண்டு மாதம் நிறுத்தி வையுங்கள் என்று. அத்தனை பேர் கேட்டால் நிறுத்தியே ஆக வேண்டும் என்பது அங்கே விதி. யாரிடம் கேட்கிறார்கள் பாருங்கள்! ரிங்கேவிச்ஸ் நிறுத்தினார். எதிர்த்தவர்கள் பொதுவாக்கெடுப்புக்காக ஊரெல்லாம் கையெழுத்துச் சேகரித்தார்கள். போதுமான கையெழுத்து சேரவில்லை. 2024 ஜனவரியில் அவர் சட்டத்தை வெளியிட்டார், ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அவர் வீரம் எதுவும் காட்டவில்லை. விதிப்படி நடந்தார், முறை வந்ததும் கையெழுத்துப் போட்டார். அந்தத் தாளை அவர் மேஜைவரை கொண்டுவந்து சேர்த்தது பத்து நாள் லீவு கேட்ட அந்தப் பெண்.

செர்பியப் பிரதமர் வீட்டிலும் இதே நிலைமைதான் இருந்தது என்பதை நினைத்துப் பாருங்கள். துணைவிக்குப் பிரசவம், சட்டத்தில் உறவு கிடையாது. ஒருவரிடம் நாடே இருந்தது. இன்னொருவரிடம் ஒரு லீவு லெட்டர்.

அயர்லாந்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1993 வரை ஆண்களுக்கிடையே உறவு அங்கே குற்றம். 2015 மே மாதம் மக்களே ஓட்டுப் போட்டு, 62 சதவீதம் ஆதரவோடு, திருமண உரிமையை அரசியல் சட்டத்தில் சேர்த்தார்கள். வரத்கர் பிரதமரானது அதற்கு இரண்டு வருடம் கழித்து. ஊர் முதலில் மாறியது, நாற்காலி பிறகு வந்தது. நீங்கள் தலைகீழாகப் பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள்.

மேலிருந்து கொடுத்த நாற்காலி என்றாலே பொம்மை என்று நான் சொல்ல வருவதாக நினைத்துவிடாதீர்கள். ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் வேலை பார்த்தவள் நான். பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு ஒதுக்கீடு வந்த புதிது. ஒரு கிராமத்துத் தலைவர் பதவி பட்டியல் சாதிப் பெண்களுக்கு என்று வந்தது. ஊரில் பெரிய கை ஒருவர் தன் வயலில் களை எடுத்துக்கொண்டிருந்த பெண்ணைக் கூட்டிவந்து நிறுத்தினார். ஜெயித்தாள். பிரசிடெண்ட் நாற்காலியில் அவர் உட்காருவார், பிரசிடெண்ட் வாசல் பக்கம் ஸ்டூலில். செக் புக் அவர் வீட்டு பீரோவில். ஊராட்சிச் செக்கில் தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும். துணைத் தலைவர் அவருடைய மச்சான். நாங்கள் ஆய்வுக்குப் போனால் கேள்வியை அவளைப் பார்த்துக் கேட்போம், பதில் நாற்காலியிலிருந்து வரும். நாங்களும் எழுதிக்கொண்டு வருவோம்.

அவள் எழுத்துக் கூட்டித் தன் பெயரைப் போடுவதற்குள் எங்கள் டீ ஆறிவிடும். ஒரு நாள் அவளிடம் நீட்டியது போர் மோட்டாருக்குக் காயில் கட்டிய பில். மச்சான் கையெழுத்து ஏற்கெனவே விழுந்திருந்தது. பேனாவை வாங்கியவள், ‘எந்த மோட்டாருக்கு சார்?’ என்றாள். காலனி மோட்டார் என்றார் அவர். ‘அது ஓடலையே. இன்னைக்குக் காலையில நான் அடிபம்புலதானே தண்ணி எடுத்தேன்’ என்றாள். குரலை உயர்த்தவில்லை. பேனாவை மூடி மேஜைமேல் வைத்துவிட்டு ஸ்டூலில் போய் உட்கார்ந்தாள். பி.டி.ஓ. என்னைப் பார்க்கிறார், நான் பி.டி.ஓ.வைப் பார்க்கிறேன். அந்தப் பில் பாஸாகவே இல்லை.

பிறகு செக் புக் அவள் வீட்டு அரிசிப் பானைக்குள் போனது. எப்படி வாங்கினாள் என்பது பெரிய கதை. அதற்குப் பழிவாங்க மச்சான் மாதக்கணக்கில் எதிலுமே கையெழுத்துப் போடாமல் இழுத்தடித்தார். தெரு விளக்குக்குப் பல்பு வாங்கக்கூட முடியவில்லை. அடுத்த சுழற்சியில் பதவி பொதுப்பிரிவுக்குப் போனது, அவள் திரும்பக் களை எடுக்கப் போனாள். ஆனால் காலனி மோட்டார் ஓடியது.

இந்தப் பெண்ணை வைத்துத்தான் நான் உலகத் தலைவர்களை அளக்கிறேன். அநியாயமான அளவுகோல் என்று நண்பர்கள் சொல்வதுண்டு. இருக்கட்டும். பேநசீரை எடுத்துக்கொள்ளுங்கள். அவருடைய ஆட்சியில் பெண்களுக்கென்று வங்கி வந்தது, பெண்கள் காவல் நிலையங்கள் வந்தன. ஆனால் ராணுவ ஆட்சியாளர் ஜியா 1979-ல் போட்ட ஹுதூத் சட்டங்கள், வன்புணர்வுக்கு ஆளான பெண்ணையே குற்றவாளியாக்கக்கூடிய சட்டங்கள், இரண்டு முறை பிரதமராக இருந்தும் அவர் கையால் போகவில்லை. முதல் ஆட்சியில் பெரும்பான்மை இல்லை என்பது உண்மை. கடைசியில் 2006-ல் வன்புணர்வை அந்தச் சட்டத்திலிருந்து பிரித்தது இன்னொரு ராணுவ ஆட்சியாளர் காலத்தில் என்பதும் உண்மை. உங்கள் பட்டியலில் இதற்குக் கட்டமே இல்லை.

தமிழ்நாட்டில் ஏன் நடக்கக் கூடாது என்கிறீர்கள். திருச்செங்கோடு ஒன்றியத்தில் 2020-ல் திருநங்கை ரியா கவுன்சிலராக ஜெயித்தார். வேலூர் மாநகராட்சியில் 2022-ல் திருநங்கை கங்கா ஜெயித்தார். வீதி வீதியாக நடந்து ஓட்டுக் கேட்டு வாங்கிய பதவிகள். இவர்களை விட்டுவிட்டு பெல்கிரேடுக்கு விமானம் ஏறியிருக்கிறீர்கள். உங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் போகிற தூரம்தான் தம்பி, போய்ப் பேசிவிட்டு வாருங்கள்.

கட்சியில் சொல்வதா வேண்டாமா என்றால், உங்கள் வீட்டுச் சூழலும் கட்சிக்காரர்களும் எனக்குத் தெரியாது. இங்கே உட்கார்ந்துகொண்டு தைரியமாகச் சொல்லுங்கள் என்று எழுதுவது எனக்குச் சுலபம், அடி வாங்கப்போவது நீங்கள். 2018 செப்டம்பரில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்த பிறகு நீங்கள் சட்டத்தின் முன் குற்றவாளி இல்லை, அது மட்டும் நிச்சயம். அப்பா யாரோ சொல்லி, போஸ்டரைப் பார்த்துத் தெரிந்துகொள்ளும்படி மட்டும் வைத்துக்கொள்ளாதீர்கள். ஆனால் சீட்டைக் கொடுக்கிறவர் ‘உங்களை மாதிரி ஒரு ஆள் எங்களுக்கும் வேண்டும்’ என்று சிரித்துக்கொண்டே கொடுத்தால், செக் புக் எங்கே இருக்கும் என்று அங்கேயே கேட்டுவிடுங்கள்.

இன்னொன்று. நான்கு பக்கத்தில் எத்தனையோ நாடுகள் வந்தன. நிற்கப்போவது எந்த வார்டு என்று எங்குமே காணோம். அங்கே குடிதண்ணீர் எத்தனை நாளைக்கு ஒருமுறை வருகிறது, சாக்கடை எங்கே அடைத்திருக்கிறது, இப்போதிருக்கிற கவுன்சிலர் யார்? அடுத்த கடிதத்தில் அதையெல்லாம் எழுதுங்கள். பதில் நிச்சயம் போடுகிறேன்.