முதுகு வலிக்கும் ரத்தத்துக்கும் என்ன சம்பந்தம்?

கேள்வி: என் அப்பாவுக்கு 63 வயது. நான்கு மாதமாக நடு முதுகில் வலி. எக்ஸ்ரே பார்த்துவிட்டு, தேய்மானம் என்று பெல்ட்டும் வலி மாத்திரையும் கொடுத்தார்கள். இப்போது படியேறினால் மூச்சு வாங்குகிறது. ஹீமோகுளோபின் 8.4, இ.எஸ்.ஆர். (ரத்தச் சிவப்பணுக்கள் படியும் வேகம்) 118, கிரியாட்டினின் 1.9. ரத்தப் புற்றுநோய்க்குப் பார்க்கச் சொல்கிறார் ஒரு டாக்டர். முதுகு வலிக்குப் போய் இதையெல்லாம் பார்க்க வேண்டுமா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: பார்க்கத்தான் வேண்டும் அம்மா, அதுவும் இந்த வாரமே. ரத்த அணுக்கள் பிறக்கும் இடமே எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜைதான். அங்கு நோய் எதிர்ப்புப் புரதம் சுரக்கும் பிளாஸ்மா செல்கள் கெட்டுப்போய்ப் பெருகினால் அதற்கு மல்டிபிள் மைலோமா என்று பெயர், அதுவும் ஒரு ரத்தப் புற்றுநோய்தான். அவை மஜ்ஜையை அடைத்துக்கொள்வதால் ரத்தசோகை வரும், அவை சுரக்கும் புரதம் சிறுநீரகத்தைக் கெடுக்கும். அவை எலும்பை அரிக்கும் செல்களைத் தூண்டிவிடும், எலும்பைக் கட்டும் செல்களை அடக்கிவிடும். கரையான் அரித்த உத்தரம் மாதிரி முள்ளெலும்பு உள்ளே பொத்தலாகி, தண்ணீர்க் குடத்தைத் தூக்கும்போது நசுங்கிவிடும். எலும்பில் மூன்றில் ஒரு பங்காவது கரைந்த பிறகுதான் எக்ஸ்ரேயில் தெரியும்.

முதுகு வலி என்று வருகிறவர்களில் மிகப் பெரும்பாலோருக்குத் தசைப்பிடிப்போ தேய்மானமோதான். வலியை மட்டும் வைத்து நான் பயப்பட மாட்டேன். வலி, ரத்தசோகை (ஹீமோகுளோபின் 8.4), சிறுநீரகக் கோளாறு (கிரியாட்டினின் 1.9) மூன்றும் ஒரே ஆளிடம் சேர்ந்திருப்பதுதான் உறுத்துகிறது. முதுகை ஒருவர் பார்க்கிறார், ரத்தசோகைக்கு இன்னொருவர் இரும்புச்சத்து எழுதுகிறார். எல்லாச் சீட்டையும் ஒரே மேசையில் பரப்பிப் பார்க்க ஆளில்லாமல் மாதங்கள் ஓடிவிடுகின்றன. எனக்கு இதில் தீராத ஆற்றாமை உண்டு.

இப்படி வரும் பெரியவர்களிடம், "வேட்டி முன்னைவிடத் தரையில புரளுதாங்கய்யா?" என்று கேட்பேன். முள்ளெலும்பு நசுங்கினால் உயரம் குறையும். தாகமும் மலச்சிக்கலும் கூடியிருக்கிறதா என்றும் கேட்பேன். கரைந்த எலும்பின் கால்சியம் ரத்தத்தில் ஏறினால் அப்படி ஆகும்.

ரத்தத்தில் கால்சியமும், அந்தக் கெட்ட செல்களின் புரதத்தைக் கண்டுபிடிக்கும் புரோட்டீன் எலக்ட்ரோபோரசிஸ், ஃப்ரீ லைட் செயின் சோதனைகளும் பாருங்கள். அதே செல்களிலிருந்து சிறுநீரில் இறங்கும் பென்ஸ் ஜோன்ஸ் புரதத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். 1845-ல் லண்டனில் எலும்பு வலியால் துடித்த ஒரு வியாபாரியின் சிறுநீரில் அந்தப் புரதத்தை ஆராய்ந்தவர் ஹென்றி பென்ஸ் ஜோன்ஸ். சிறுநீரில் காகிதப் பட்டையை நனைத்துப் பார்க்கும் சாதாரணப் பரிசோதனையில் அது பெரும்பாலும் சிக்காது, தனியாகக் கேட்க வேண்டும். முதுகெலும்புக்கு எம்.ஆர்.ஐ., அப்புறம் தேவைப்பட்டால் மஜ்ஜைப் பரிசோதனை.

டைக்ளோஃபினாக், அசிக்ளோஃபினாக் மாதிரி வலி மாத்திரைகளை டாக்டரிடம் சொல்லி இன்றே நிறுத்துங்கள். கிரியாட்டினின் 1.9 இருக்கும்போது அவை சிறுநீரகத்தை இன்னும் கெடுக்கும். அவசரத்துக்குப் பாராசிட்டமால் போதும். எண்ணெய் போட்டு முதுகை அழுத்தி நீவவும் வேண்டாம்.

மைலோமாவாகவே இருந்தாலும் இடிந்துபோகாதீர்கள். முழுக்கக் குணமாவது அரிது. ஆனால் போர்டிசோமிப் ஊசி, லெனலிடோமைட் மாத்திரை, ஸ்டீராய்டு என்று சேர்த்துக் கொடுத்துப் பல வருடங்கள் கட்டுக்குள் வைக்கிறோம். ரத்தநோய் நிபுணரிடம் காட்டுங்கள், பழைய எக்ஸ்ரேயையும் கையோடு எடுத்துப் போங்கள். அதற்குள் கால் மரத்துப்போனாலோ, நடை தள்ளாடினாலோ, சிறுநீர் வராமல் அடைத்தாலோ தண்டுவடம் நசுங்குகிறது என்று அர்த்தம். விடியட்டும் என்று காத்திருக்காமல் அன்றிரவே பெரிய மருத்துவமனைக்குக் கூட்டிப் போய்விடுங்கள்.