மலைச்செடி சேகரிக்கக் கூப்பிடுகிறார்கள், போகலாமா?

கேள்வி: எனக்கு வயது 52. தொட்டிச்செடி வளர்ப்பதென்றால் பைத்தியம். செடி ஆர்வலர் குழு ஒன்றில் சேர்ந்து ஒரு வருடம் ஆகிறது. அடுத்த மாதம் பதினான்கு பேர் மலையில் நான்கு நாள் டெண்ட் போட்டுத் தங்கி, அந்த மலைக்கே உரிய செடிகளைச் சேகரிக்கப் போகிறார்கள். என்னையும் கூப்பிடுகிறார்கள். வெட்டவெளியில் படுத்துப் பழக்கமில்லை. குழுவில் பாதிப்பேரைத் தெரியாது. ஆனாலும் ஆசை விடவில்லை. அபூர்வச் செடி நாலைந்து வீட்டுக்கு வந்தால் நல்லதுதானே? போகலாமா?

பதில்: தாராளமாகப் போங்கள். அந்த 'நாலைந்து' விஷயத்தை மட்டும் முதலில் பேசிவிடுவோம்.

சேகரிப்பது என்று உங்கள் குழு எதைச் சொல்கிறது? ஒருவருக்கு அது விதை பொறுக்குவது. இன்னொருவருக்கு, பூவும் இலையுமாக ஒரு கிளையைத் தாளுக்குள் அழுத்திக் காயவைப்பது. மூன்றாமவர் மண்வெட்டியோடு வந்து நிற்பார். எல்லாவற்றுக்கும் ஒரே சொல்தான் என்பதால், கிளம்பும் முன்பே கேட்டுவிடுங்கள். கூடவே அனுமதிக் கடிதத்தையும் காட்டச் சொல்லுங்கள். தேசியப் பூங்காக்களிலும் பாதுகாக்கப்பட்ட காடுகளிலும் அனுமதியில்லாமல் செடி எடுப்பது பெரும்பாலான நாடுகளில் குற்றம். எந்த இடம், எந்தச் செடி, எவ்வளவு, யார் எடுக்கலாம் என்பதெல்லாம் அந்தக் கடிதத்தில் இருக்க வேண்டும். "அதெல்லாம் தலைவர் பார்த்துக்குவார்" என்று பதில் வந்தால், நானாக இருந்தால் போக மாட்டேன். ஆர்க்கிட் மேல் கண் வைத்திருந்தால் இன்னொன்று: அரிய செடிகளும் விலங்குகளும் நாடு விட்டு நாடு விற்கப்படுவதைக் கட்டுப்படுத்த 1975 முதல் நடப்பில் இருக்கும் சைட்டிஸ் உடன்படிக்கையின் பட்டியலில் ஆர்க்கிட் குடும்பம் முழுவதுமே இருக்கிறது. மலையில் தோண்டிய ஒரு கிழங்கோடு நாட்டு எல்லையைத் தாண்டினாலும் உரிய அனுமதிச்சீட்டு கேட்பார்கள்.

இவ்வளவு கறாராகச் சொல்ல எனக்கு அருகதை இல்லை. பல வருடங்களுக்கு முன் ஒரு மலைச்சரிவில், பாறை இடுக்கில் பச்சை மெத்தைபோல் படர்ந்திருந்த ஒரு செடியைத் தோண்டினேன். உள்ளங்கை அகலம்தான் இருக்கும். தோண்டத் தோண்ட ஆணிவேர் போய்க்கொண்டே இருந்தது. முழங்கை நீளத்துக்கு வந்ததும் பட்டென்று ஒடிந்தது. வீட்டில் மூன்று வாரம் பச்சையாகவே நடித்தது. அப்புறம் நடுவிலிருந்து பழுத்து, ஒரே வாரத்தில் போய்விட்டது. இந்த மெத்தைச் செடிகள் எவ்வளவு மெதுவாக வளரும் என்பதைப் பிறகுதான் படித்தேன். சைலீன் அகாலிஸ் என்ற இனத்தில் பெரிய செடிகளுக்கு 300 வயதுக்கு மேல் இருக்கும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். நான் ஒடித்தது என் பாட்டியைவிட மூத்ததாகக்கூட இருந்திருக்கலாம்.

பராமரிப்பு போதாததால் அது சாகவில்லை. மலையில் 1,000 மீட்டர் கீழே இறங்கினால் சராசரியாக ஆறரை டிகிரி சூடு கூடுகிறது. குளிர்ந்த இரவுக்குப் பழகிய செடி, வெக்கையான இரவில் பகலெல்லாம் சேர்த்த சர்க்கரையைச் சுவாசித்தே தீர்த்துவிடும். ஆர்க்கிட் போன்றவற்றுக்கு வேரோடு கூடி வாழும் பூஞ்சையும் வேண்டும். அதை எந்தக் கடையில் வாங்குவீர்கள்?

அதனால் விதையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். விதை வங்கிகளுக்காகச் சேகரிப்பவர்கள், அன்றைக்கு முற்றியிருக்கும் விதையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் தொடுவதில்லை. நாலே செடி நின்றால் படம் எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுங்கள். விதையைக் காகித உறையில் போடுங்கள்; பிளாஸ்டிக் பையில் வியர்த்துப் பூசணம் பிடிக்கும். உறைமேல் பென்சிலால் எழுதுங்கள், பேனா மை ஈரத்தில் கரையும். தேதி, இடம், உயரம், சரிவு எந்தத் திசை பார்த்தது, மண் எப்படி, பக்கத்தில் என்ன வளர்ந்தது எல்லாம் வேண்டும். பூவின் நிறத்தை அங்கேயே குறியுங்கள். காய்ந்தபின் பல பூக்கள் நிறம் மாறிவிடும். அழுத்திக் காயவைக்கிறீர்கள் என்றால் தினமும் தாளை மாற்ற வேண்டும், சோம்பினால் கறுத்துவிடும்.

கிளம்பும் முன் ஷூவின் அடியைத் தேய்த்துக் கழுவிக் காயவையுங்கள். தொட்டிமண்ணில் இருக்கும் களைவிதையும் வேரழுகல் கிருமியும் அதில் ஒட்டிக்கொண்டு மலையேறும். நம்மைப் போன்ற தொட்டிக்காரர்களிடம் இந்த ஆபத்து கொஞ்சம் அதிகம்.

டெண்ட் பற்றிப் பயப்பட வேண்டாம், ஒரு ராத்திரி வீட்டிலேயே போட்டுப் படுத்துப் பாருங்கள். குளிர் பெரும்பாலும் தரையிலிருந்துதான் ஏறும். போர்வையைவிட அடியில் விரிக்கும் பாய்க்குச் செலவு செய்யலாம். குளிர்ந்த காற்று கீழே இறங்கித் தேங்கும் என்பதால் பள்ளத்தில் டெண்ட் அடிக்க விடாதீர்கள். கேட்க வேண்டியது முகாமின் உயரம். 2,500 மீட்டருக்கு மேல் என்றால் தலைவலி, குமட்டல் வரலாம். வந்தால் வெட்கப்படாமல் சொல்லிவிடுங்கள், சரியாகும்வரை மேலே ஏறாதீர்கள். அதிகமானால் கீழே இறங்கிவிடுங்கள். நாலு பேருக்குத் தொந்தரவு என்று வாயை மூடிக்கொண்டிருப்பவர்களைத்தான் கடைசியில் தூக்கி இறக்க வேண்டியிருக்கிறது.

தெரியாதவர்கள் என்ற கவலைக்குப் பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ் ஒன்று போதும். அதைக் கண்ணோடு ஒட்டிப் பிடித்து ஒரு பூவைப் பார்த்துக்கொண்டிருங்கள், "என்னங்க தெரியுது?" என்று இரண்டு பேராவது பக்கத்தில் உட்கார்ந்துவிடுவார்கள். அவர்களில் ஒருவராவது இதே மலைச்செடிகளை வீட்டில் விதையிலிருந்து வளர்ப்பவராக இருப்பார். உங்கள் நாலைந்தை அவரிடம் நாற்றாகக் கேளுங்கள். தொட்டியிலேயே முளைத்தது என்பதால் பிழைக்கவும் வாய்ப்பு அதிகம்.

அப்புறம், இறங்கும்போது முட்டி வலிக்கும். ஊன்றுகோல் இரண்டு எடுத்துப் போங்கள்.